ஐந்து நாளாக மலம் போகவில்லை, தாய்ப்பாலை நிறுத்தலாமா?

கேள்வி: 22 ஜூலை 2024, காலை 11.20

என் மகளுக்கு நான்கு மாதம் ஆகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். ஐந்து நாளாக மலம் போகவில்லை. முக்குகிறாள், முகம் சிவந்து போகிறது, காற்று மட்டும் பிரிகிறது. மாமியார் "உன் பால் சூடு, அது பிள்ளைக்குச் செரிக்கல, மாந்தம் பிடிச்சிருக்கு" என்கிறார். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பால் பவுடருக்கு மாற்றிப் பார் என்கிறார். பாலை நிறுத்திவிடவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

22 ஜூலை, இரவு 9.40

நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் தேனிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியை எத்தனையோ திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்வியால் நல்லபடியாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை டப்பாவுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

தங்கச்சி, சில விஷயம் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறாள்? கடைசியாகப் போனபோது மலம் இளகலாக இருந்ததா, புழுக்கை மாதிரி இருந்ததா? வயிறு மெத்தென்று இருக்கிறதா, தொட்டால் விறைப்பாக இருக்கிறதா? பால் குடிக்க மறுக்கிறாளா? வாந்தி உண்டா, அதில் பச்சை நிறம் உண்டா? எடை ஏறுகிறதா? இன்னொன்று, பிறந்ததும் முதல் கறுப்பு மலம் எப்போது போனது? மாமியாருக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும், கேளுங்கள்.

22 ஜூலை, இரவு 10.15

பதில் வரும்வரை பதறிக்கொண்டிருப்பீர்கள், அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஆறு வாரம் தாண்டிவிட்டால், ஒரு வாரம்கூட மலம் போகாமல் இருக்கலாம். பத்து நாள் வரை போகாத குழந்தையும் உண்டு. போகும்போது மொத்தமாகப் போகும், துணி முதுகு வரை நனையும், ஆனால் இளகலாகத்தான் இருக்கும். அது மலச்சிக்கல் கிடையாது. தாய்ப்பாலில் பெரும்பகுதி உடம்பில் சேர்ந்துவிடுகிறது, வெளியே தள்ள மிச்சம் அதிகம் இருக்காது. இன்னொரு குழந்தை ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் போகும். அதுவும் வயிற்றுப்போக்கு இல்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே தாயின் பாலில் நடக்கும். என் மூத்தவனும் இளையவளும் அப்படித்தான்.

மலச்சிக்கல் என்று சொல்ல வேண்டியது மலம் கெட்டியாக, உருண்டையாக வரும்போதுதான். எத்தனை நாள் ஆயிற்று என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

முக்குவதும் முகம் சிவப்பதும் பற்றி: கீழே தள்ளுவதற்கு வயிற்றை இறுக்க வேண்டும், அதே சமயம் ஆசனவாயைத் தளர்த்த வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய குழந்தை இப்போதுதான் பழகுகிறது. பல நிமிடம் முக்கி அழுது, கடைசியில் இளகலாகப் போனால் பயமே வேண்டாம். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, இரண்டும் வேண்டாம். அந்த இடம் மிக மெல்லியது, கீறினால் புண்ணாகும். அப்புறம் வலிக்குப் பயந்து அடக்கப் பழகிவிடும்.

23 ஜூலை, காலை 7.05

உங்கள் பதிலைப் பார்த்தேன். ஏழெட்டுத் துணி நனைகிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது, சிரிக்கிறாள், போன தடுப்பூசிக்குப் போனபோது எடை கூடியிருந்தது, முதல் மலம் பிறந்த அன்றே போயிருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? உங்கள் பால் அவளுக்கு நன்றாகச் செரிக்கிறது.

முதல் மலத்தை ஏன் கேட்டேன் என்றால், அது 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். 48 மணி நேரம் தாண்டியும் போகாத குழந்தைக்குப் பின்னாடி மலச்சிக்கல் வந்தால் குடலில் நரம்பு அமையாத நோய் இருக்கலாம். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறப்பார்கள், அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். அரிதுதான். ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது.

23 ஜூலை, மாலை 4.30

மாமியார் பற்றி. அவரைக் குறை சொல்லி இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் கண்முன்னால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்த காலம் இருந்தது. வயிற்றைப் பற்றிய பயம் அங்கிருந்து வருகிறது. அந்தப் பயத்தை மதிக்கலாம், மருந்தை மட்டும் மறுக்கலாம்.

மாந்தம் என்ற பெயருக்குள் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். வயிறு உப்பினால் மாந்தம், பச்சையாகப் போனால் மாந்தம், ராத்திரி அழுதால் மாந்தம், ஜுரத்தில் வலிப்பு வந்தால் அதுவும் மாந்தம். அதற்கெல்லாம் ஒரே உரை மருந்து: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வீட்டுக்கு வீடு இன்னும் ஒன்றிரண்டு. விளக்கில் சுட்டு, கல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு உரை உரைத்து நாக்கில் தடவுவது. என் அம்மாவும் என் பிள்ளைகளுக்குக் கல்லை எடுத்தார். நான் விடவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம், அதனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுத்தபோது புற்று உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். இங்கே கைக்குழந்தைகளுக்கு விடாத வாந்திதான் உடனடி ஆபத்து. எவ்வளவு உரைக்கிறோம் என்பதற்கு அளவே இல்லை, கை அழுத்தம்தான் அளவு. போதாததற்கு அந்தக் கல்லைக் கழுவி வெயிலில் வைக்கிற வீடு எத்தனை? உரைத்ததில் பாதி கிருமிதான் போகிறது. கையில் வசம்பு வளையல் கட்டுவதும் வேண்டாம், குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும்.

23 ஜூலை, இரவு 9.10

கிரைப் வாட்டர் "இங்கிலீஷ் மருந்துதானே, அது பரவாயில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஊரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் உருவாக்கியது. அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலக் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தைப் பார்த்துச் செய்தார். ஆதியில் அதில் ஆல்கஹால், சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை எல்லாம் இருந்தன. பிள்ளை ஏன் அமைதியானது என்பதற்கு அதுவே பதில். இப்போது விற்பதில் ஆல்கஹால் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்குள் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. கொடுக்கிற அளவுக்குப் பால் குறைகிறது, சங்கும் கரண்டியும் கழுவுகிற தண்ணீர் வழியாகக் கிருமி போகிறது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை சிறிது நேரம் அழுகையை நிறுத்தும். அதைப் பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம்.

தேனும் கூடாது. ஒரு வயது முடியும்வரை தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் செயலிழக்கும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்றே மலச்சிக்கல். மலம் போகத் தேன் கொடுக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

24 ஜூலை, காலை 6.50

முந்தாநாள் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "என் குழந்தைக்கு மூன்று வாரம், நான்கு நாளாகப் போகவில்லை, அப்போ சும்மா இருக்கலாமா" என்று கேட்டிருக்கிறார். இல்லை! இன்றே குழந்தையைக் கொண்டுபோய் எடை போடுங்கள். ஆறு வாரம் தாண்டிவிட்டால் என்று மேலே எழுதியிருக்கிறேன், அந்த வரியைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள்.

முதல் மாதத்தில் கணக்கு வேறு. முதல் இரண்டு நாள் தார் மாதிரி கறுப்பு, அப்புறம் பச்சை, நான்காம் ஐந்தாம் நாளில் கடுகு மாதிரி மஞ்சள். அதன் பிறகு தினமும் மூன்று நான்கு தடவையாவது போக வேண்டும். இந்த வயதில் மலம் குறைந்தால் பெரும்பாலும் பால் போதவில்லை என்று அர்த்தம். பால் ஊறவில்லை என்று சொல்ல மாட்டேன், ஊறின பால் குழந்தை வயிற்றுக்குப் போகவில்லை என்பதுதான் அதிகம் நடப்பது. பிறந்த எடையில் சிறிது குறைவது சகஜம், 10 சதவீதம் வரை குறைந்தால் உடனே பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

எடை ஏறாத குழந்தையைப் பார்க்கப் போனால் நான் முதலில் கேட்டது "பால் கொடுங்கள், பார்க்கிறேன்" என்பதுதான். பத்தில் எட்டு வீட்டில் குழந்தை காம்பை மட்டும் சப்பிக்கொண்டிருக்கும். வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கறுப்புப் பகுதியும் உள்ளே போக வேண்டும், முக்கியமாகக் கீழ்ப்பக்கம். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பட வேண்டும். தாய்க்கு வலிக்கக் கூடாது. வலித்தால் சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். இரண்டு மூன்று தரம் காட்டினால் போதும், அடுத்த எடையில் வித்தியாசம் தெரியும். பெண்கள் அழுதே விடுவார்கள். அதுவரை "உனக்குப் பாலே இல்ல" என்று கேட்டுக் கேட்டுக் கூனிப் போயிருப்பார்கள்.

24 ஜூலை, பிற்பகல் 2.20

வெயிலுக்குத் தண்ணீராவது கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். டாக்டர் எழுதிய வைட்டமின் டி சொட்டு, தடுப்பு மருந்துச் சொட்டு இதெல்லாம் அதில் சேராது, அவற்றைக் கொடுங்கள். "தாய்ப்பால் மட்டும்" என்று நான் சொன்னேன் என்று டி சொட்டை நிறுத்திவிட்டதாக ஒருவர் எழுதியதால் சொல்கிறேன். மறுபடி ஆரம்பியுங்கள்.

26 ஜூலை, இரவு 8.45

பச்சையாக, நுரையாகப் போகிறது, பரிசோதனையில் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தது, சோயா பவுடருக்கு மாற்றச் சொன்னார்கள் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். குழந்தைக்கு இரண்டரை மாதம், எடை நன்றாக ஏறுகிறது.

இதை நிதானமாக எழுத வேண்டும். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. எல்லாப் பாலிலும் இருக்கிறது, தாய்ப்பாலில்தான் அதிகம், சுமார் 7 சதவீதம். பசும்பாலில் 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. அதைச் செரிக்கும் நொதி எல்லாக் குழந்தையின் குடலிலும் பிறக்கும்போதே இருக்கிறது. இல்லாமல் பிறப்பது மிக மிக அரிது, அப்படிப் பிறந்தால் முதல் வாரத்திலேயே தண்ணீராகப் போய், எடை சரிந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும். பெரியவர்கள் பால் குடித்தால் வயிறு பொருமுவது வேறு விஷயம், அது வளர்ந்த பிறகு நொதி குறைவதால் வருவது. அதை வைத்து இரண்டு மாதக் குழந்தைக்கு முடிவு கட்டக் கூடாது.

தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தையின் மலமே புளிப்பாக, அமிலமாகத்தான் இருக்கும். அதில் கொஞ்சம் சர்க்கரை தென்படுவதும் சகஜம். அது அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது அதுதான். குழந்தைக்குப் பயன்படாததைத் தாயின் உடம்பு ஏன் இவ்வளவு சுரக்கிறது? குடலில் குடியேறும் பிஃபிடோ என்ற நல்ல நுண்ணுயிருக்கு அது சாப்பாடு. அவை அதைத் தின்று அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலத்தில் கெட்ட கிருமிகள் தழைப்பதில்லை. இதை முதன்முதலாக ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட அன்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தாய் ஊட்டுவது பிள்ளைக்கு மட்டும் இல்லை, பிள்ளைக்குள் குடியிருக்கும் கோடானுகோடி உயிர்களுக்கும் சேர்த்து.

அதனால் அந்தத் தாய்க்கு: மலப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குழந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பச்சை நுரை பெரும்பாலும் பால் அதிகமாக ஊறி, அடிக்கடி பக்கம் மாற்றிக் கொடுக்கும்போது வருவது. மார்பில் பால் தேங்கியிருந்தால் ஆரம்பத்தில் வருவதில் கொழுப்பு குறைவு, குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடும். கொழுப்பு குறைந்த பால் வயிற்றில் தங்காமல் வேகமாக இறங்கும், சர்க்கரை முழுசும் செரிக்காமல் கீழே போய்ப் புளித்து நுரைக்கும். ஒரு பக்கம் முழுவதும் குடித்து அதுவே விடும்வரை விட்டுவிட்டு, அப்புறம் மறுபக்கம் கொடுத்துப் பாருங்கள். வேறொரு குழந்தை டாக்டரிடம் காட்டி இரண்டாவது கருத்தும் கேளுங்கள்.

27 ஜூலை, காலை 5.55

தூக்கம் வரவில்லை, நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஒவ்வாமையே கிடையாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாது. தாய் குடிக்கும் பால், தயிர் வழியாகக்கூட அது தாய்ப்பாலில் கொஞ்சம் வரும். மலத்தில் சளியோடு ரத்தக் கோடு, தோலில் கரப்பான், எடை தேக்கம் இதெல்லாம் சேர்ந்து வந்தால் டாக்டர் தாயை இரண்டு மூன்று வாரம் பால் பொருள் நிறுத்தச் சொல்வார். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதில்லை. சர்க்கரை ஒத்துக்கொள்ளாததும் புரதம் ஒத்துக்கொள்ளாததும் வேறு வேறு, மருந்துக் கடையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

அதற்காக எல்லாத் தாய்மாரும் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கீரை வாயு, பருப்பு மந்தம், பழம் குளிர்ச்சி, தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்று வயிற்றைக் காய வைப்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் கொடுக்கிற பத்தியம் நல்ல பத்தியம். நன்றாக வைத்துக் கொடுங்கள்.

27 ஜூலை, இரவு 9.30

சாயங்கால அழுகை. இரண்டாம் வாரத்தில் தொடங்கும், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக நிற்கும். எடை ஏறி, மற்ற நேரம் நன்றாக இருக்கும் குழந்தைக்கு அது வயிற்று நோய் இல்லை. தோளில் போட்டு நடப்பது, தொட்டில், வெதுவெதுப்பான குளியல், கைமாற்றிக் கொள்ள இன்னொரு ஆள். இவைதான் வைத்தியம். ஆறு மாதத்துக்குள் டைசைக்ளோமின் கலந்த வயிற்றுவலிச் சொட்டு கொடுக்கவே கூடாது, மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள்.

வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பவரிடமும், சூடு வைப்பவரிடமும் கொண்டுபோக வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். எங்கள் ஊரில் ஒரு குழந்தை அப்படித்தான் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிழைத்தது.

28 ஜூலை, காலை 8.15

கக்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். கக்கின பிள்ளை தக்கும் என்று பழமொழியே இருக்கிறது, பெரும்பாலும் சரிதான். உணவுக்குழாயின் கீழ்வாய் இன்னும் இறுகவில்லை, ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். ஆனால் பீய்ச்சி அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு தடவையும், மூன்றிலிருந்து ஆறு வாரக் குழந்தை வாந்தி எடுத்து உடனே மறுபடி பசியோடு தேடினால் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்திருக்கலாம். பச்சை நிறத்தில் பித்த வாந்தி எடுத்தால் எந்த வயதாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம்.

30 ஜூலை, இரவு 7.40

எட்டாவது நாளே போய்விட்டாளா, இப்போதுதான் பார்த்தேன்! இளகலாக, மாமியார் மடியிலேயே. படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவரே துடைத்து "நல்லாத்தான் இருக்கு" என்றாராமே. அந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

2 ஆகஸ்ட், பிற்பகல் 3.00

தாய்ப்பால் வாரம் நடக்கிறது, ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. எல்லா ஆஸ்பத்திரியிலும் பதாகை தொங்கும். நல்லதுதான். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள், அதுவும் நல்ல காரியம். ஆனால் போன மாதம் வெளியூர் போனபோது ஒரு நிலையத்தில் அந்த அறையில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடந்தன, வெளியே ஒரு பெண் துப்பட்டாவுக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அறையைத் திறந்தால் போதாது, தினமும் கூட்டித் துடைத்து ஃபேன் ஓட வைக்க வேண்டும்.

பால் பவுடர் பற்றி ஒருவர் கேட்டதற்கு: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் மாவுக்கு விளம்பரம் செய்வது, இலவச டப்பா கொடுப்பது, டப்பாவில் குழந்தைப் படம் போடுவது எல்லாமே 1992 சட்டப்படி இந்தியாவில் குற்றம். 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பவுடர் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அந்தத் தாய்மார் மனசு நோகும்படி நான் எதுவும் எழுத மாட்டேன். கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் போட்ட அளவைத் தட்டிச் சமன் செய்து போடுங்கள். சிக்கனத்துக்காகத் தண்ணீர் கூட்டினால் குழந்தை வாடும், சீக்கிரம் வளரட்டும் என்று மாவு கூட்டினால் மலம் இறுகும், சிறுநீரகத்துக்கும் கெடுதல். பாட்டிலைவிட டம்ளரும் பாலாடையும் கழுவ எளிது.

11 ஆகஸ்ட், இரவு 10.20

"ஏழு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, பாலை நிறுத்தி அரிசிக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள்." இப்படி ஒருவர் எழுதியதைக் காலையில் பார்த்ததிலிருந்து மனசு ஓடவில்லை.

பாலை நிறுத்தவே கூடாது. இன்னும் அடிக்கடி கொடுங்கள். போகிற தண்ணீரையும் உப்பையும் திரும்ப ஊற்றுவதுதான் வைத்தியம். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, உறவுக்காரர்களையே வாயில் ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலுக்கும் கீழே இறங்கியது. நர்ஸ்கள்கூடத் தேவையில்லை, ஒரு தாயே பண்ணலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த முகாம்தான். அவர் 2022இல் காலமானார்.

அரசு கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், கண் அளவு எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியில் மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. 24 மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். அதோடு துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதம்வரை 10 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடிக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் பாதியில் விடுகிறார்கள். பெரியவர்களுக்குப் போக்கை நிறுத்தும் மாத்திரையை நொறுக்கிக் கொடுக்காதீர்கள், குடல் ஓட்டமே நின்றுபோகும். கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானமும் ஓஆர்எஸ் இல்லை, சர்க்கரை கூடினால் போக்கு கூடும்.

கண் குழிந்தால், அழுதால் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாவிட்டால், துவண்டு கிடந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி. விட்டு விட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, இடையில் வெளிறித் துவண்டு, மலம் சிவப்பு ஜெல்லி மாதிரி வந்தால் குடல் செருகல். அதற்குச் சீதபேதி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

12 ஆகஸ்ட், காலை 9.00

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைச் சொல்லாமல் விட்டேனே. 6, 10, 14 வாரத்தில், அரசு மையங்களில் இலவசம். தமிழ்நாட்டில் 2017இல் வந்தது. ரோட்டாவேக் என்ற நம் நாட்டு மருந்தின் பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அந்தச் சொட்டு வருவதற்கு முன்னால் குளிர்காலத்தில் நான் எத்தனை குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வற்றியிருக்கிறதா என்று பார்த்திருப்பேன்! வந்த பிறகு அந்த வேலை கண்கூடாகக் குறைந்தது. தவறவிடாதீர்கள்.

29 செப்டம்பர், மாலை 5.10

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டதா. இப்போது உண்மையான மலச்சிக்கல் வருகிற பருவம், தயாராக இருங்கள். கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், வேகவைத்த காய், நெய் ஒரு சொட்டு, மசித்த பப்பாளி. கரண்டி சாய்த்தால் வழிந்து ஓடாத பதம், தண்ணீராகக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து போகாது. மாவையே மூன்று வேளையும் கொடுத்தால் இறுகும், காயும் பழமும் சேருங்கள். முட்டை மஞ்சள் கரு இப்போதே கொடுக்கலாம், மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் சாப்பாட்டோடு சில மடக்கு. தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். பசும்பால் டம்ளர் ஒரு வயதுக்குப் பிறகுதான், அப்போதும் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பாலிலேயே வயிற்றை நிரப்பிய இரண்டு வயதுப் பிள்ளைகள்தான் ரத்தசோகையோடும் கல் மாதிரி மலத்தோடும் என்னிடம் வந்தார்கள்.

மலத்தின் நிறமும் வாசனையும் மாறும். கேரட் அப்படியே துண்டாக வரும், கீரை கொடுத்தால் பச்சை, பீட்ரூட் கொடுத்த மறுநாள் சிவப்பு. பீட்ரூட் கொடுக்காமல் சிவப்பாக வந்தால் மட்டும் அன்றே காட்டுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ராத்திரி ஒரு பாத்திரத்தில் உலர்திராட்சை நாலைந்து ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிசைந்து வடிகட்டிக் கொடுத்தால் இளகும்.